நாலரை கிலோமீட்டர் நகர்ந்த மெட்ராஸ்

ஊருக்குப் போனால் "என்னப்பா வேலை?" என்று கேட்பார்கள். "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் "மேப்பு போடறியா? அதான் கூகுள்ல இருக்கே" என்பார்கள். அதற்குமேல் பேச முடியாது. :-)

உண்மையில் நான் மேப்பு போடுவதில்லை. மின்சாரம், குடிநீர், எரிவாயு தருகிற நிறுவனங்கள் தங்கள் கம்பங்களையும் குழாய்களையும் வால்வுகளையும் அட்சரேகை தீர்க்கரேகையோடு ஒரு பெரிய டேட்டாபேஸில் வைத்திருப்பார்கள். அது பழசாகும்போது புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. ஐதராபாத்தில் பதினைந்து வருடமாக இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் சாஃப்ட்வேர் வேலை மாதிரி இருக்கும். ஒரு சனிக்கிழமை ராத்திரி எல்லாரையும் வெளியே அனுப்பி, பேக்கப் எடுத்து, பட்டனைத் தட்டினால் ஞாயிறு காலையில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால் ஆறு மாதமோ எட்டு மாதமோ நாங்கள் பார்க்கிற வேலை வேறு. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, யார் அளந்தார்கள், எதை ஆதாரமாக வைத்து அளந்தார்கள் என்று ஒவ்வொரு அடுக்காகக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். அதில் பாதிக் கேள்விக்குப் பதில் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. இருநூறு வருடம் பின்னால் போகவேண்டியிருக்கும்.

இந்தியாவின் மிகப் பழைய, மிகப் பெரிய இடஞ்சார் தரவுத்தளம் எது என்று கேட்டால் நான் சர்வே ஆஃப் இந்தியாவைத்தான் சொல்வேன். 1767ல் தொடங்கிய துறை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அது காகிதத்திலும் செம்புத் தகட்டிலும் மலையுச்சிக் கற்களிலும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு நடந்த அப்கிரேடுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தொடக்கம் நம்ம ஊர் என்பதால் கொஞ்சம் கூடுதல் உரிமையோடு எழுதுகிறேன்.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி, வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலியைத் தரையில் போட்டார். நூறடி எஃகுச் சங்கிலி. (சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் சுற்றி வந்து லாம்டன் கைக்குச் சேர்ந்த சங்கிலி அது. தனிக்கதை.) பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை சுமார் ஏழரை மைல், 57 நாள். இன்றைக்கு அந்தப் பாதையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை டிராபிக்கில் மாட்டினாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அன்றைக்கு வெயிலில் எஃகு எவ்வளவு நீளும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டே போனார்கள். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து ஒரு முக்கோணம், அதன் பக்கத்தில் இன்னொரு முக்கோணம் என்று நாடு முழுவதும் விரிந்ததுதான் மாபெரும் முக்கோண அளவை. ஒரு பக்க நீளம் தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் கோணம்தான்.

கோணம் பார்க்க அரை டன் எடையுள்ள தியோடலைட். சமவெளியில் குன்று கிடையாது, அதனால் தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் கோபுரங்கள்மேல் ஏற்றினார்கள். 1808ல் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டிச் சரிசெய்து திரும்ப வேலையை ஆரம்பித்தார். 1823ல், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கிற ஹிங்கன்காட்டில் வேலையின் நடுவிலேயே இறந்தார். அவருக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் காலத்தில் மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூர் இந்திய அளவையின் தொடக்கப்புள்ளி ஆனது. 1830ல் அவர் கணக்கிட்ட பூமியின் வடிவம் "எவரெஸ்ட் நீள்கோளம்" என்று இன்றும் எங்கள் சாஃப்ட்வேர் பட்டியலில் நிற்கிறது. மலைக்கு அவர் பெயர் வந்தது 1865ல்.

எவரெஸ்ட் பழைய அளவைத் தொடர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சங்கிலியைத் தூக்கிப்போட்டு, வெப்பத்தில் நீளாத இரட்டை உலோகக் கம்பிகளைக் கொண்டுவந்தார். தெற்கிலும் பின்னாளில் மறுபடி அளந்தார்கள். 1860களின் இறுதியில் பெங்களூரிலும் கன்னியாகுமரியிலும் புதிதாக அடிக்கோடு போட்டார்கள். லாம்டன் அவ்வளவு பாடுபட்டது வீணா என்றால், இல்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்பேடு இருந்ததால்தான் எங்கே பிழை, எவ்வளவு பிழை என்று சொல்ல முடிந்தது.

அளந்து முடித்தால் ஆயிரக்கணக்கான கோணங்கள் ஒன்றோடொன்று மயிரிழை அளவு ஒத்துப்போகாமல் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமன்செய்யவேண்டும். கம்ப்யூட்டர் என்பது அன்றைக்கு ஒரு பதவியின் பெயர். ராதாநாத் சிக்தார் அப்படி ஒரு தலைமைக் கம்ப்யூட்டர். மனிதக் கம்ப்யூட்டர்களால் நாடு முழுவதையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. ஆகவே நாட்டை ஐந்தாக வெட்டினார்கள், நாலு நாற்கரம், ஒரு முக்கோணம். அந்த முக்கோணம் நாம். தெற்கு முக்கோணம் என்றுதான் பெயரே. ஒரு பகுதியை முடித்து அதன் ஓர எண்களைப் பூட்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போனார்கள். 1880 வாக்கில் கணக்கு முடிந்தது. பெரிய டேட்டாபேஸைப் பகுதி பகுதியாக மாற்றும்போது நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். ஓரத்தில் இருக்கிற பிழை அடுத்த பகுதியின் தலையில் விழும் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

முக்கோணத்தில் தூரமும் கோணமும் கிடைக்கும். "உலகத்தில் இது எங்கே" என்பது கிடைக்காது. அதற்கு வானத்தைப் பார்த்து ஒரு இடத்தை நிச்சயம் செய்யவேண்டும். அந்த இடம் நுங்கம்பாக்கம். 1792ல் அங்கே கட்டிய மெட்ராஸ் வான்காணகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் நிற்கிறது. தமிழ் எழுத்தும் அதில் உண்டு. அட்சரேகை சுலபம், நட்சத்திரத்தின் உயரம் போதும். தீர்க்கரேகைதான் வில்லங்கம், கிரீன்விச்சில் இப்போது மணி என்ன என்று தெரியவேண்டும். வியாழன் கிரகத்தின் நிலவுகள் மறைகிற நேரத்தை வைத்துக் கணக்கிட்டு, மெட்ராஸ் 80 பாகை 17 கலை 21 விகலை என்று முடிவு செய்தார்கள். அந்த எண்ணையே அளவைக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். முக்கோணத் தொடர் வழியாக அது கல்யாண்பூர் போய், டேராடூன் போய், இந்திய மேப்புகள் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது.

பிறகு தந்திக் கம்பி வந்தது. ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் கேட்கும், நேரத்தை நேரடியாக ஒப்பிடலாம். 1890களின் மத்தியில் கிரீன்விச்வரை தந்தி வழியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 80 பாகை 14 கலை 54 விகலை என்று வந்தது. வித்தியாசம் 2 கலை 27 விகலை. மெட்ராஸில் அது தரையில் சுமார் 4.4 கிலோமீட்டர். எல்லா மேப்பிலும் மொத்த இந்தியாவும் நாலரை கிலோமீட்டர் கிழக்கே தள்ளி நின்றுகொண்டிருந்தது!

இங்கேதான் எனக்கு அந்தக் காலத்து ஆட்கள்மேல் மரியாதை. பதறவில்லை. எல்லாத் தகட்டையும் உடைத்து எல்லா மேப்பையும் திரும்ப வரையவும் கிளம்பவில்லை. பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவுதான், ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தில் எந்தத் தப்பும் கிடையாது என்று பார்த்தார்கள். ஆகவே மேப்பின் கீழ் ஓரத்தில் ஒரு வரி அச்சிட்டார்கள். இந்தத் தீர்க்கரேகைகள் மெட்ராஸ் வான்காணகத்தை இன்ன மதிப்பாக எடுத்துக்கொண்டு போட்டவை, புதிய மதிப்புக்கு வர 2 கலை 27 விகலை கழித்துக்கொள்ளவும் என்கிற பொருளில். இருபதாம் நூற்றாண்டில் புதிய தாள் போடும்போதெல்லாம் புது எண்ணை வைத்துப் போட்டார்கள். பல வருடம் பழைய தாளும் புதிய தாளும் ஒரே அலமாரியில் இருந்தன. ஓரத்து வரியைப் படித்தவன் பிழைத்தான்.

எங்கள் மொழியில் இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். புராஜெக்ட் பிளானில் கடைசி வரியில் இருக்கும், நேரம் இல்லையென்றால் முதலில் வெட்டுவது அதைத்தான்.

அடுத்த பெரிய மாற்றம் சுதந்திரத்துக்குப் பின் வந்த மெட்ரிக். 1956ல் சட்டம், 1957ல் நயா பைசா. காசு மாறியது எல்லாருக்கும் நினைவிருக்கும், தாத்தா பாட்டி சொல்லியாவது கேட்டிருப்போம். மேப்பும் மாறியது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்றிருந்தது 1:50,000 ஆனது. நாடு முழுவதற்கும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தாள்கள். அளவை மாற்றுவதுதானே, பெருக்கினால் போச்சு என்று தோன்றும். சமஉயரக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தாளில் 50 அடிக்கு ஒரு கோடு. புதிய தாளில் 20 மீட்டருக்கு ஒரு கோடு வேண்டும். 20 மீட்டர் என்பது 65.6 அடி. 50 அடிக் கோட்டுக்கும் 100 அடிக் கோட்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, பழைய தாளில் அந்தக் கோடே கிடையாது. ஊகித்து வரையலாம், அல்லது திரும்ப அளக்கலாம். பெருக்கி எடுக்க முடியாது. பழைய டேட்டாவைப் புதிய வடிவத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று யாராவது சுலபமாகப் பேசினால் எனக்கு இந்தக் கோடுதான் ஞாபகம் வரும்.

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. எவரெஸ்ட் பூமியின் ஆரத்தை அடியில் சொன்னார். அதுவும் இந்திய அடி. இந்திய அடிக்கு எத்தனை மீட்டர் என்பதில் காலத்துக்குக் காலம் கடைசி இலக்கங்கள் மாறின. அதனால் ஒரே எவரெஸ்ட் நீள்கோளத்துக்கு மீட்டரில் பல மதிப்புகள். ஒன்று 63,77,276.345, இன்னொன்று 63,77,301.243, மற்றொன்று 63,77,299.151. மலேசியாவில் பயன்பட்டது இன்னும் வேறு. சாஃப்ட்வேரில் எல்லாம் "எவரெஸ்ட்" என்றே வரிசையாக நிற்கும், பக்கத்தில் சின்னதாக வருடம் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல் வாரத்திலேயே இதைக் காட்டிவிடுவேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் நாலு முருகன் இருந்தால் இனிஷியலைப் பார்ப்போமே, அந்தக் கதைதான்.

பிறகு வானத்தில் செயற்கைக்கோள் வந்தது. ஜி.பி.எஸ். பேசுகிற மொழி டபிள்யூ.ஜி.எஸ். 84. அது பூமியின் நிஜ மையத்தை மையமாகக் கொண்டது. எவரெஸ்ட் நீள்கோளம் இந்தியாவின் வளைவுக்குப் பொருந்தும்படி போட்டது. ஊருக்கு ஊர் டெய்லர் தைத்த சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், நமக்குக் கச்சிதம், மற்றவனுக்குச் சேராது. அதன் மையம் பூமியின் மையத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேல் விலகி இருக்கிறது. பொதுவில் கிடைக்கிற மாற்று எண்கள் மூன்று: 295, 736, 257 மீட்டர். அதை வைத்துக் கணக்குப் போட்டால் டெல்லியில் ஒரு புள்ளியின் எண் மேற்கே சுமார் 125 மீட்டர் நகரும், வடக்கே தெற்கே பெரிதாக மாறாது. சென்னையில் மேற்கே சுமார் 165 மீட்டர், வடக்கே சுமார் 155. ஆக இந்தமுறை மெட்ராஸ் காலத்து வைத்தியம் செல்லாது. பிழை ஊருக்கு ஊர் வேறு, ஓரத்தில் ஒரே வரி எழுதித் தப்பிக்க முடியாது. அந்த மூன்று எண்களிலேயே பத்துப் பதினைந்து மீட்டர் சந்தேகம் வேறு இருக்கிறது. நாடு பார்க்க அது போதும். சாலைக்கு அடியில் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தோண்டுகிறவனுக்குப் போதாது.

இதில் பாதுகாப்பு விவகாரமும் சேர்ந்துகொண்டது. எல்லையோரம், கடலோரம் இருக்கிற தாள்கள் பல பத்தாண்டுகளாகத் தடைப்பட்டியலில் இருந்தன. தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்க அதில் அடக்கம். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அலை வந்தபோது, அந்தக் கரையின் நல்ல மேப்பு சாதாரண ஆள் கடையில் வாங்கக்கூடிய பொருள் அல்ல. அப்போது ஊருக்கு போன் போகாமல் வெளியூர்களில் நாமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். எந்தக் குப்பம் மேட்டில் இருக்கிறது, எது பள்ளத்தில் இருக்கிறது என்பது ஒரு தாளில் கோடாக இருந்தது, தாள் பூட்டிக் கிடந்தது.

ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாதம், தேசிய மேப்புக் கொள்கை வந்தது. (சுனாமியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு முன்பே பேச்சு நடந்துகொண்டிருந்தது.) கொள்கையின் சாரம் எளிது, இரண்டு வரிசை. ராணுவத்துக்கு ஒரு வரிசை, அது பாதுகாப்புக்குள்ளேயே இருக்கும். பொதுமக்களுக்குத் திறந்த வரிசை, அது டபிள்யூ.ஜி.எஸ். 84ல், யு.டி.எம். வீழலில், ராணுவ முக்கியத்துவம் உள்ள இடங்கள் இல்லாமல், புதிய தாள் எண்களோடு. பழைய வரிசையில் சென்னை 66ஆம் எண் தாளுக்குள் வரும், புதியதில் டி 44க்குள்.

சொல்வதற்கு ஒரு பத்தி. செய்வதற்கு? பழைய 15 கலைக் கட்டமும் புதிய 15 கலைக் கட்டமும் தரையில் ஒன்றல்ல, இருநூறு மீட்டர் விலகும். அதாவது புதிய தாள் ஒன்றைப் போட, பக்கத்துத் தாள்களின் ஓரத்திலிருந்து கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டவேண்டும். மூலையில் இருக்கிற துண்டையும் சேர்த்தால் ஒரு தாளுக்கு நாலு பழைய தாள். அந்த நாலில் ஒன்று 1970களில் அளந்தது, ஒன்று அதற்குப் பின்னால் அளந்தது என்றிருந்தால் ஆறு ஒரு தாளில் ஒரு பக்கமும் அடுத்ததில் வேறு பக்கமும் ஓடும். எண்ணை மாற்றுவது கம்ப்யூட்டருக்கு ஒரு நிமிடம், ஆற்றை இணைப்பது மனிதன் வேலை. தரையில் ஆதாரமும் புதிதாக வேண்டும். அதற்காக ஜி.பி.எஸ்.ஸில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் நட்டார்கள், முதல் கட்டத்தில் 250, 300 கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சுமார் முந்நூறு, அடுத்த கட்டத்தில் 30, 40 கிலோமீட்டருக்கு ஒன்றாக இரண்டாயிரத்துச் சொச்சம். லாம்டன் கல் நட்ட கதைதான் மறுபடியும். இந்தமுறை கோபுரத்தில் ஏற்றவேண்டாம், வானம் தெரிந்தால் போதும்.

இரண்டு வரிசையை ஒரே நேரத்தில் நடத்தியதை நிறையப் பேர் குறை சொல்வார்கள். ரகசியத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று. ரகசியம் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் பழையதையும் புதியதையும் கொஞ்சகாலம் சேர்த்து ஓட்டியது தப்பு என்று நான் நினைக்கவில்லை. வனத்துறை எல்லை, அணைத் திட்டம், சுரங்கக் குத்தகை என்று எத்தனையோ அரசுக் காகிதம் பழைய எண்ணில் இருந்தது. ஒரே ராத்திரியில் பழையதை மூடினால் அந்தக் காகிதமெல்லாம் ஊமையாகிவிடும். நாங்கள் மாற்றுகிற டேட்டாபேஸ்களிலும் இதே கதைதான். அன்றாட மாற்றம் நாள்வழிக் குறிப்பில் கிடக்கும், பேரேட்டில் ஏறியிருக்காது. பட்டனைத் தட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஊழியரும் தன் குறிப்பை ஒப்பிட்டு, பேரேட்டில் ஏற்றி, நாள்வழியைக் காலிசெய்யவேண்டும். விடுப்பில் போன ஒருத்தர் ஏற்றாமல் விட்ட நாற்பது கம்பம் அப்படியே காணாமல் போகும். கம்பம் தெருவில் இருக்கும், அதில் மின்சாரமும் ஓடும், மேப்பில் இருக்காது. அதன்கீழ் ஏணி சாய்த்து ஏறப்போகிற லைன்மேனுக்கு யார் பதில் சொல்வது? ஆகவே பழைய சர்வரை மூன்று மாதம் படிக்கமட்டும் திறந்துவைக்கச் சொல்லி எப்போதும் சண்டை போடுவேன். செலவு என்பார்கள். பரவாயில்லை.

அதற்குப் பின் வேகமாக நடந்துவிட்டது. 2017ல் திறந்த வரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி வந்தது. 2021 பிப்ரவரியில் அறிவியல் தொழில்நுட்பத் துறை, இந்திய நிறுவனங்கள் முன்அனுமதி இல்லாமல் மேப்புத் தரவைத் திரட்டலாம், வெளியிடலாம் என்று விதிகளைத் தளர்த்தியது. 2022ல் தேசியப் புவியிடக் கொள்கை. நாடெங்கும் நிரந்தரமாக நின்று செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டே இருக்கும் நிலையங்களை சர்வே ஆஃப் இந்தியா நிறுவியிருக்கிறது, அதன் துணையோடு வயலில் நின்றபடியே சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கலாம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், வெளியூரில் இருக்கிற நம்மில் பலருக்கு ஊரில் அரைக் காணியோ ஒரு மனையோ இருக்கிறது. பட்டாவோடு வருகிற புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். அதில் அட்சரேகையும் கிடையாது, தீர்க்கரேகையும் கிடையாது. எவரெஸ்டும் இல்லை, டபிள்யூ.ஜி.எஸ்.ஸும் இல்லை. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு இத்தனை என்று மட்டும் இருக்கும். அது தன் பக்கத்துக் கல்லை மட்டுமே நம்புகிறது. கல் பிடுங்கப்பட்டால் ஆதாரமே போச்சு, அதனால்தான் நம் ஊரில் எல்லைக்கல் சண்டைக்கு முடிவே இல்லை. இப்போது ஜி.பி.எஸ். கருவியோடு தனியார் சர்வேயர்கள் வந்து அளந்து, மூலைக்கு ஒரு எண் போட்டுக் காகிதம் தருகிறார்கள். நல்லதுதான். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அந்தக் காகிதத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். எந்த டேட்டம், எந்த மண்டலம், எந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளியிலிருந்து எடுத்தது, எந்தத் தேதி என்று இருக்கவேண்டும். இல்லையென்றால் பணம் கொடுப்பதற்கு முன்னால் பேனாவைக் கொடுத்து அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.